இரண்டு கொடிகளும் ஒரு பந்தியும்

ஆகஸ்டு மாதம் 15-ஆம் தேதி என்றால் நம் தேசத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஒரு பண்டிகை. கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களுக்கு மாத்திரம் அன்று இரட்டைப் பண்டிகை. பாரத தேசம் 1947-ஆம் வருஷத்தில் விடுதலை பெறுவதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்பிருந்தே அந்தத் தேதி தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளாக இருந்து வருகிறது. ஆகையால் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மாதா கோவில்களை ஒட்டியிருக்கும் சிறு பள்ளிகளில், அன்று காலையில் பூசையும் மூவர்ணக் கொடியேற்றமும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தேறும். கோவில் விண்ணேற்பு மாதாவின் பெயரைத் தாங்கியதாயிருந்தால், சில தினங்களுக்கு முன்னதாகவே மாதாவின் உருவம் எழுதிய திருவிழாக் கொடியும் மரத்தில் ஏறியிருக்கும். பிள்ளைகள் இரண்டு கொடிகளுக்கும் நடுவில் நின்று மிட்டாய் தின்பார்கள். தன் கையிலிருப்பது எந்தக் கொடிக்காகக் கிடைத்த மிட்டாய் என்று எந்தப் பிள்ளையும் இதுவரையில் ஆராய்ச்சி செய்ததாகத் தெரியவில்லை.

பிள்ளைகள் செய்யாத ஆராய்ச்சியைப் பெரியவர்களாகிய நாம் சற்றுச் செய்து பார்க்கலாம். அந்த இரண்டு கொடிகளும் நம்மிடம் ஏதோ ஒன்றைக் கேட்கின்றன.

இந்தப் பள்ளிகளைப் பட்டணத்து ஆங்கிலக் கான்வென்டுகளோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. ஐந்து வகுப்புகள், விரல்விட்டு எண்ணக்கூடிய உபாத்தியாயர்கள், முற்றத்தில் ஒரு வேப்பமரம், பக்கத்தில் கோவில் மணி – இவ்வளவுதான் இவற்றின் ஆஸ்தி. பாடம் சொல்வது தமிழில். பிள்ளைகள் வருவது நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் கிராமங்களிலிருந்து. 1854-ஆம் வருஷத்தில் சார்லஸ் வுட் என்பவர் லண்டனிலிருந்து அனுப்பிய கல்வி அறிக்கையின் பயனாக, தனியார் பள்ளிகளுக்குச் சர்க்கார் மானியம் கொடுக்கும் முறை இந்நாட்டில் வேரூன்றியது. அதன் வழியிலேதான் இன்றைக்கும் உதவி பெறும் பள்ளிகள் நடந்து வருகின்றன. நிர்வாகம் கோவிலைச் சேர்ந்தது. உபாத்தியாயரின் சம்பளம் அரசாங்கத்தைச் சேர்ந்தது. இரண்டு கொடிகள் என்று நாம் சொன்னது வெறும் அலங்காரப் பேச்சு அல்லவென்று நேயர்கள் இப்போது ஒப்புக்கொள்வார்கள்.

கத்தோலிக்கப் பள்ளி என்றவுடன், அங்கே படிப்பவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர் என்று நினைப்பதும் தவறு. பெரும்பாலான இடங்களில் மற்றச் சமயத்துக் குழந்தைகளே அதிகம். நம் அரசியல் சாசனத்தின் 28-வது பிரிவு இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. அரசாங்க அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோரின் சம்மதமில்லாமல் எந்தக் குழந்தையையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ சேர்க்கக் கூடாது. ஆகவே கத்தோலிக்கக் குழந்தைகள் ஞானோபதேசம் படிக்கும் வேளையில், மற்றக் குழந்தைகள் நன்னெறி வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்ததும் இரு சாராரும் ஒரே வேப்பமரத்தடிக்கு ஓடிவந்துவிடுவார்கள். சாசனம் எழுதிய பெரியோர்கள் அந்த ஓட்டத்தைப் பார்த்திருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பார்கள்.

வருஷம் முழுவதும் இப்பள்ளிகளில் விசேஷங்களுக்குக் குறைவில்லை. ஆகஸ்டுக் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் கொடியேறிவிடும். காவி உடுத்த யாத்ரீகர்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கு நோக்கி நடப்பார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி மாதாவின் பிறந்த நாள். அக்டோபர் ஜெபமாலை மாதம். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள். சமாதிகளைச் சுத்தம் செய்து, பூவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அடுத்த பன்னிரண்டாவது நாள் நேருவின் பிறந்த நாளாகிய குழந்தைகள் தினம் வந்துவிடும். டிசம்பரில் குடில் கட்டும் வேலை. வைக்கோல் கொண்டுவருபவன் ஒருவன், களிமண்ணில் ஆடு பிடிப்பவள் ஒருத்தி. நாடகத்தில் ராஜா வேஷம் யாருக்கு, இடையன் வேஷம் யாருக்கு என்ற வழக்குத் தீர உபாத்தியாயினிக்கு ஒரு வாரம் ஆகும். ஜனவரியில் முற்றத்தில் பொங்கல் பானை ஏறும். முன்காலத்தில் பூசை இலத்தீன் பாஷையில் நடந்தது. 1962 முதல் 1965 வரையில் கூடிய இரண்டாவது வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர் அது தமிழுக்கு வந்தது. கோவில் தமிழ் பேசத் தொடங்கியபின், பொங்கற் பானைக்கும் அங்கே மரியாதை கூடியதில் ஆச்சரியமில்லை.

இவ்வளவும் பார்க்க அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் இவை ஒருநாளில் வந்த காரியங்களல்ல. விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய புதுவை மறைமாவட்டத்தின் பழைய கதையைக் கொஞ்சம் புரட்டினால் அது விளங்கும்.

1844-ஆம் வருஷத்தில் புதுச்சேரியில் பாதிரிமார்களின் சபை ஒன்று கூடியது. பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்ற யோசனை அங்கே வலுப்பெற்றது. குடும்பப் பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்று ஊரார் முகம் சுளித்த காலம் அது. எழுத்தறிவு தேவதாசிகளுக்குரியது என்ற எண்ணம் அப்போது ஜனங்களிடையே பரவியிருந்தது. துய்புய் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அதே வருஷத்தில், மரியன்னையின் திரு இருதயத்தின் பெயரால், தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையை ஸ்தாபித்தார். தமிழ்–பிரெஞ்சு அகராதியைத் தொகுத்த இருவரில் அவரும் ஒருவர். அந்தச் சபையின் வேலை, பெண் குழந்தைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது. உபாத்தியாயினி தமிழ்ப் பெண்ணாயிருந்ததனால் ஊராரின் அச்சம் மெள்ள மெள்ளத் தணிந்தது. இன்று ஆணும் பெண்ணுமாகக் குழந்தைகள் ஒரே பெஞ்சியில் நெருக்கித் தள்ளிக்கொண்டு உட்காருகிறார்களே, அந்தப் பெஞ்சிக்கு இப்படி ஒரு பூர்வோத்தரம் உண்டு.

ஒரே பெஞ்சியில் உட்காருவதைவிடக் கடினமான காரியம் ஒரே பந்தியில் உட்காருவது. இதில் நம் தேசியவாதிகளும் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். 1920-களில் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். தேச பக்தர்களை உருவாக்குவதற்கென்று பொதுமக்களின் பணத்தில் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. அங்கே சில பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதிலிருந்து எழுந்த சச்சரவு, தமிழ்நாட்டு அரசியலையே ஆட்டிவைத்தது. இலை போடும் இடத்தில் சறுக்கினால் எவ்வளவு உயர்ந்த லட்சியமும் சேர்ந்து சறுக்கிவிடும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு பந்தியின் சரித்திரம் நல்ல வழியில் திரும்பிற்று. 1950-களில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை மாகாணமெங்கும் பரப்பினார். 1982-ஆம் வருஷத்தில் எம். ஜி. ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022-ஆம் வருஷத்தில் அரசாங்க ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. 2024-ஆம் வருஷம் ஜூலை 15-ஆம் தேதி, காமராஜர் பிறந்த நாளன்று, கிராமப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் அத்திட்டம் நீட்டிக்கப்பட்டது. தொடக்க விழா நடந்த இடம் திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. நாம் இதுவரை பேசிவந்த ஜாதியைச் சேர்ந்த ஒரு சிறு கத்தோலிக்கப் பள்ளிதான் அது. அன்றைய தினம் 3,995 பள்ளிகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இத்திட்டத்தில் சேர்ந்தார்கள். உப்புமாவோ பொங்கலோ, தட்டில் விழுவது எல்லாருக்கும் ஒன்றே. ஞானோபதேசம் படிக்கும் பிள்ளையும் நன்னெறி வகுப்புப் பிள்ளையும் மேல்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். பல கிராமங்களில் ஊர் முழுவதும் ஒரு வரிசையில் உட்காரும் இடம் வேறு கிடையாது.

இனி, பள்ளியின் வாசலுக்கு வெளியே வந்து பார்ப்போம்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், 1745-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், புதுச்சேரி மாதா கோவிலைப் பற்றிய ஒரு சம்பவம் காணப்படுகிறது. கோவிலுக்குள்ளேயே தாழ்த்தப்பட்டவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிப்பதற்கு ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் அதைக் கண்டு மனம் பொறுக்காமல் மேலதிகாரிகளிடம் சொல்ல, சுவர் இடிக்கப்பட்டது. உடனே மற்ற ஜாதிக் கிறிஸ்தவர்கள் பெருங் கூச்சல் எழுப்பினார்கள். கல்லால் கட்டிய சுவரை ஒரே நாளில் தள்ளிவிடலாம். மனத்திற்குள் இருந்த சுவர் அப்படியே நின்றது.

அது எவ்வளவு காலம் நின்றது என்று அறிய வேண்டுமா? 2008-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 9-ஆம் தேதி, உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூரில் நடந்ததை நினைவுபடுத்திக்கொண்டால் போதும். அக்காலத்தில் அவ்வூர் விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 2019 முதல் கள்ளக்குறிச்சி ஜில்லாவில் இருக்கிறது. ஜெபமாலை மாதாவின் பெயரால் விளங்கும் பெரிய பழைய கோவில் அங்கே உண்டு. தங்களைச் சமமாக நடத்தவில்லை என்று மனம் நொந்த தலித் கிறிஸ்தவர்கள், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். அதிலிருந்து ஒரே கோவிலைச் சேர்ந்த இரு சமூகத்தாரிடையே கலவரம் மூண்டது. போலீசார் சுட்டதில் இருவர் உயிர் இழந்தார்கள். ஒரே ஜெபமாலையை உருட்டுகிறவர்கள் ஒரே தெருவில் நடக்க முடியாமற் போன துயரம் அது.

கோவிலின் கொடியை மாத்திரம் குறை கூறிவிட்டு, தேசத்தின் கொடியை விட்டுவிடுவது நியாயமாகாது. 1950-ஆம் வருஷம் ஆகஸ்டு 10-ஆம் தேதி ராஷ்டிரபதியின் ஆணை ஒன்று வெளியாயிற்று. ஹிந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சேர்ந்த எவரையும் ஷெட்யூல்டு ஜாதியினராகக் கருதுவதற்கில்லை என்று அந்த ஆணை கூறிற்று. பின்னர் 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. மதம் மாறினால் ஜாதி போய்விடும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். போய்விட்டதா என்பதை எறையூரிலே விசாரித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இவர்களைப் பிற்பட்ட வகுப்பினரின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரே காலனியிலிருந்து வந்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே அவமானத்தை ஊருக்குள் அநுபவிக்கும் இரு குழந்தைகள், பள்ளிக்கூடத்துப் பதிவுப் புத்தகத்தில் இரண்டு வேறு பத்திகளில் இடம்பெறுகிறார்கள். ஒன்றுக்குக் கிடைக்கும் சலுகை மற்றொன்றுக்குக் கிடையாது. கோவில் எழுப்பிய சுவர் ஒன்று. சர்க்கார் எழுப்பிய சுவர் மற்றொன்று. முந்தியது தெருவில் இருக்கிறது, பிந்தியது காகிதத்தில் இருக்கிறது. குழந்தைக்கு இரண்டும் ஒரே உயரந்தான்.

இவற்றுக்கெல்லாம் ஓர் ஆரம்பப் பள்ளி என்ன செய்ய முடியும் என்று நேயர்கள் கேட்கக்கூடும். பள்ளி தன்னுடைய காரியத்தை நன்றாகவே செய்துகொண்டிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். காலை எட்டரை மணி முதல் மாலை நாலு மணி வரையில் ஊர் எப்படி இருக்க வேண்டுமென்பதை அது தினந்தோறும் நடித்துக் காட்டுகிறது. நாலு மணிக்கு மேல் நடக்க வேண்டிய பாகம் பெரியவர்களுடையது. பிள்ளைகள் நடித்த நாடகத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, வீட்டுக்குப் போகும்போது பழைய பாதையில் தனித்தனியே பிரிந்து போகிறவர்களுக்கு அந்த நாடகத்தினால் யாதொரு பயனும் இல்லை.

செய்யக்கூடிய காரியங்கள் மிகச் சாதாரணமானவை. திருவிழாத் தேர் எந்தெந்தத் தெருவுக்குப் போகும் என்று கோவில் நிர்வாகத்தார் கூடித் தீர்மானிப்பார்கள் அல்லவா? அந்தக் கூட்டத்தில், பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் எல்லாத் தெருவுக்கும் தேர் போக வேண்டும் என்று ஒருவர் எழுந்து சொன்னால் போதும். திருவிழா உபயத்தில் எல்லாத் தெருவாரின் காசும் செல்ல வேண்டும். நவம்பர் 2-ஆம் தேதி குழந்தைகள் மெழுகுவர்த்தி கொண்டு போகும்போது, எந்தச் சமாதி எந்த ஜாதியுடையது என்று அவர்களுக்கு யாரும் அடையாளம் காட்டாமலிருக்க வேண்டும். சட்டத்தின் பத்தியை மாற்றுவது தில்லியில் உள்ளவர்கள் கையில் இருக்கிறது. அவர்களைக் கேட்க வேண்டியவர்கள் வோட்டுப் போடும் நாம்.

அடுத்த ஆகஸ்டு 15-ஆம் தேதியும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பூசை நடக்கும், கொடி ஏறும், மிட்டாய் வழங்குவார்கள். அன்று தேர் காலனிக்குள்ளும் போய்த் திரும்பியது என்ற செய்தியை எந்தக் கிராமத்திலிருந்தாவது ஒரு நேயர் எழுதி அனுப்பினால், இந்தப் பத்தியில் அதை முதற் செய்தியாகப் போடக் காத்திருக்கிறோம்.