வேலைதான் போச்சு, கை போகவில்லை!

போலீஸ் நிலையத்துக்குச் செய்தி சேகரிக்கப் போனால் திருடனைப் பார்ப்போம், பறிகொடுத்தவனைப் பார்ப்போம். சென்ற வாரம் வேளச்சேரிப் பக்கம் ஒரு நிலையத்தில் பார்த்த வாலிபர் இரண்டு தடவை பறிகொடுத்தவர்.

வயது 23. தாயார் சங்கிலியை அடகு வைத்து டிசைன் படிக்க வைத்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. ஏழாவது மாதம் ஒரு நாள் காலை 11 மணிக்குக் கூப்பிட்டார்கள். 12 மணிக்கு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். காரணம்? "ஆள் குறைப்பு." அவ்வளவுதான்!

வீட்டில் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்சோடு கிளம்பி, தரமணி ரெயில் நிலையத்திலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் பொழுதைப் போக்கினார். இருபதாவது நாள் ஒரு போன். "வீட்டில் இருந்தே டிசைன் வேலை. டெபாசிட் 38 ஆயிரம்." நண்பரிடம் கடன் வாங்கிக் கட்டினார். மறுநாள் அந்த நம்பர் 'சுவிட்ச் ஆப்'.

"அம்மாகிட்ட என்ன சார் சொல்றது?" என்று நம்மிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் ஒன்று. வேலை கொடுப்பவன் சம்பளம் கொடுப்பான். உங்களிடம் பணம் கேட்க மாட்டான். கேட்டால் அவன் முதலாளி அல்ல, மோசடிப் பேர்வழி! ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் மடக்க அவ்வளவு வாய்ப்பு.

அடுத்தது, வரவேண்டிய பணம். 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த புதிய ஊதியச் சட்டப்படி, வேலையை விட்டு நீக்கினால் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும். அதைக் கேட்பது பிச்சை அல்ல, உரிமை. ஆனால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற இழப்பீடு ஒரு வருடம் வேலை பார்த்த தொழிலாளிக்குத்தான். ஏழு மாதத்துப் பையனுக்கு அது கிடையாது. இது நியாயமா?

அரசாங்க உதவித்தொகை? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருடம் காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்! நேற்று வேலை போனவன் அதுவரை எதைச் சாப்பிடுவான்? முதல் வேலையிலேயே தெருவுக்கு வந்த பிள்ளைகளுக்கு மூன்று மாதமாவது கைகொடுக்க ஒரு திட்டம் வேண்டும். ஆட்சியாளர்கள் யோசிக்க வேண்டும்.

சரி, இனி எந்த வழி? டிசைனிலேயே நிற்பதா, மாறுவதா?

அண்ணா சாலையில் ஒரு காலத்தில் வானத்தை மறைக்கும் சினிமா பேனர்கள் நின்றன. சாரத்தில் ஏறித் தூரிகையால் வரைந்தார்கள். 2000-ஐ ஒட்டி பிளக்ஸ் வந்தது. பல நாள் வேலையை மெஷின் சில மணி நேரத்தில் முடித்தது. எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. சிலர் கடைப் பலகை எழுதினார்கள். சிலர் கம்ப்யூட்டர் பழகினார்கள். 2009, 2010-ல் மாநகராட்சி சுவர்களில் ஓவியம் தீட்டச் சொன்னபோது சிலருக்குத் தூரிகை மறுபடி சோறு போட்டது. சிலர் தொழிலையே விட்டார்கள். விட்டவர்களைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்று பிளக்சின் இடத்தில் ஏ.ஐ. வந்து நிற்கிறது. ஒரு வரி சொன்னால் படம் போட்டுத் தருகிறது. பயம் நியாயமானதே. ஆனால் ஆண்டர்சன் தெருக் கல்யாணப் பத்திரிகைக் கடையில் நின்று பாருங்கள். பெண் வீட்டுப் பெரியப்பா பெயர் மேலேயா, கீழேயா என்ற தகராறைத் தீர்த்து, காகிதத்துக்கு ஏற்ற மை பார்த்து, பிழை திருத்தி அச்சுக்கு அனுப்ப ஆள் வேண்டித்தான் இருக்கிறது.

ஆகவே தம்பி, தங்கச்சி, உங்களை நீங்களே மூன்று கேள்வி கேளுங்கள். போனது என் திறமையாலா, கம்பெனிக் கணக்காலா? சம்பளம் இல்லாத இந்த நாட்களிலும் கை தானாக வரையப் போகிறதா? வீடு எத்தனை மாதம் தாங்கும்?

கை வரையப் போனால் தொழிலை விடாதீர்கள். சின்னக் கடையானாலும், அச்சகமானாலும் உள்ளே நுழையுங்கள். கை போகவில்லை என்றால் வேறு தொழில் பாருங்கள். அதில் அவமானம் இல்லை. வீடு தாங்காது என்றால் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு, ராத்திரி இரண்டு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். கடன் வாங்கி இன்னொரு கோர்சில் சேருவது மட்டும் கடைசியில். விளம்பரத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள்.

பெற்றோர்களே! "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தைக்குப் பயந்துதான் பிள்ளை டிபன் பாக்சோடு கடற்கரையில் உட்காருகிறான்.

அன்று மாலை அந்த வாலிபர் நம் எதிரிலேயே தாயாருக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டது ஒரே கேள்வி: "சாப்பிட்டியாடா?"

பணம் இன்னும் வரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. ஆனால் பொய் சொல்லிக் கிளம்புவது நின்றுவிட்டது. முதலில் அது நிற்கட்டும். வழி அப்புறம் தெரியும்.