நார்ட்டன் துரையும் ரோசாப்பூ துரையும்

வக்கீலா இருந்து அரசியலுக்கு வந்தவங்க பட்டியல் போட்டா நம்ம ஊர்ல முடிவே இருக்காது. திண்டுக்கல் கோர்ட் பக்கத்து டீக்கடையில அரை மணி நேரம் நின்னா, வருங்கால எம்.எல்.ஏ. நாலு பேரையாவது பாத்துடலாம் :-) அதுல தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா எந்த வக்கீல் நம்ம ஆளு, எந்த வக்கீல் யாரோட ஆளுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதுக்கு ரெண்டு பழைய பாரிஸ்டர்களோட கதையை எடுத்துக்கறேன்.

முதல் ஆள் எர்ட்லி நார்ட்டன். 1852ல பிறந்தவர். அப்பா ஜான் புரூஸ் நார்ட்டன் சென்னையில அட்வகேட் ஜெனரலா இருந்தவர். அசல் விக்டோரியா காலத்துச் சீமான். சென்னை ஹைகோர்ட்டில் பெரிய பேர், பெரிய வருமானம். சும்மா சொல்லக்கூடாது, 1887ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தப்போ இந்தியர்களோட சேர்ந்து நின்ன வெள்ளைக்காரர். அந்தக் காலத்தில் அதுக்குத் தைரியம் வேணும். சொந்த இனத்துக்காரங்க முகம் சுளிச்சிருப்பாங்க.

இருபது வருஷம் கழிச்சு, 1908ல், அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு. குற்றவாளிக் கூண்டில் அரவிந்தர். அவரைத் தண்டிக்கணும்னு அரசாங்கத் தரப்பில் வாதாட வந்தவர் யாருன்னா, இதே நார்ட்டன்! எதிர்த்தரப்பில் சி.ஆர்.தாஸ். 1909ல் அரவிந்தர் விடுதலை ஆனார். பிறகு தன் சிறை அனுபவத்தை எழுதினப்போ, நார்ட்டனோட கற்பனை வளத்தை ஷேக்ஸ்பியரோட ஒப்பிட்டுக் கிண்டல் பண்ணியிருக்கார்.

'இதிலென்ன தப்பு? ஃபீஸ் கொடுத்தா வாதாடுறது தொழில் தர்மம்'னு வக்கீல் நண்பர்கள் சொல்வாங்க. ஒத்துக்கறேன். கொலைகாரனுக்கும் வக்கீல் வேணும், சர்க்காருக்கும் வக்கீல் வேணும். ஆனா அந்தத் தர்மம் கோர்ட் வாசலோட முடிஞ்சுடணும். மேடையேறி 'நான் உங்க பக்கம்'னு சொன்னவருக்கு அது செல்லாது. அரசியல்வாதிக்குக் கட்சிக்காரன் ஒருத்தன்தான், ஜனங்க.

ரெண்டாவது ஆள் ஜார்ஜ் ஜோசப். விக்டோரியா ராணியோட ஆட்சிக்குப் பொன்விழா கொண்டாடின அதே 1887ல், கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, எடின்பரோ, அப்புறம் லண்டன் மிடில் டெம்பிள். பாரிஸ்டர் ஆகி 1909ல் திரும்பி வந்து மதுரையில் தொழில் நடத்தினார். பேசாம கோட்டைப் போட்டுக்கிட்டு சம்பாதிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்.

இவர் என்ன செஞ்சார்? 1917ல் ஹோம் ரூலுக்காகப் பேச அன்னி பெசன்ட் இங்கிலாந்துக்கு அனுப்பினாங்க. ஜிப்ரால்டர்லயே மடக்கித் திருப்பி அனுப்பிட்டாங்க. 1918ல் மதுரை ஆலைத் தொழிலாளிகளுக்குச் சங்கம் கட்ட உழைச்சார். ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலையே விட்டுட்டு அலகாபாத் போய், மோதிலால் நேருவோட 'இண்டிபெண்டன்ட்' பத்திரிகைக்கு ஆசிரியரானார், ஜெயிலுக்குப் போனார். காந்தி சிறையில் இருந்தப்போ, ராஜாஜிக்கு அடுத்து 'யங் இந்தியா'வையும் பாத்துக்கிட்டார்.

இதெல்லாம் பெரிசு இல்லைங்க. பெரிசு எதுன்னா ரேகைச் சட்டம். குற்றப் பரம்பரைச் சட்டம்னு புத்தகத்தில் இருக்கும். 1871ல் விக்டோரியா காலத்தில் வடக்கே வந்த சட்டம், 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்து பிரமலைக் கள்ளர்கள் மேல பாய்ஞ்சது. ஒரு சாதியில் பிறந்ததே குற்றம். கைரேகை பதியணும், ராத்திரியானா போலீஸ் கண்ணு முன்னாடி படுக்கணும், வெளியூர் போகணும்னா சீட்டு வாங்கணும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்தவங்க மேல துப்பாக்கிச் சூடு. மாயக்காள்ங்கிற பெண் உட்பட 16 பேர் செத்தாங்க.

அந்த ஜனங்க சார்பா கோர்ட்டிலும் எழுத்திலும் நின்ன பாரிஸ்டர் ஜோசப். 'ஜோசப்' வாயில் நுழையாமல் 'ரோசாப்பூ' ஆனார்னு ஒரு கதை, கோட்டில் ரோஜாப்பூ வச்சிருப்பார்னு இன்னொரு கதை. எது எப்படியோ, ரோசாப்பூ துரைன்னே பேர் நிலைச்சிடுச்சு. பிள்ளைகளுக்கு அந்தப் பேரையே வச்சவங்களும் உண்டு.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. அவர் மலையாளி, சிரியன் கிறிஸ்தவர். அந்த ஜனங்களோட அவருக்குச் சாதியும் இல்லை, மதமும் இல்லை, தாய்மொழியும் இல்லை. கணக்குப் போட்டா ஒரு பைசா லாபம் கிடையாது. 1924ல் வைக்கத்திலும் அப்படித்தான். 'இது இந்துக்கள் செய்ய வேண்டிய வேலை, நீங்க ஒதுங்கிக்கங்க'ன்னு காந்தியே எழுதியும், இவர் ஏற்கெனவே இறங்கி ஜெயிலுக்குப் போயிட்டார். காந்தி சொன்னதில் நியாயம் இருக்கலாம். ஆனா பக்கத்து வீடு எரியும்போது 'உன் சாதி என்ன'ன்னு கேட்டுட்டா தண்ணி ஊத்துவோம்?

அவர் புனிதர்னு சொல்ல வரலை. நடுவில் காங்கிரசை விட்டு விலகினார், திரும்பச் சேர்ந்தார். 1937ல் மத்திய சட்டசபைக்குத் தேர்வாகி, 1938 மார்ச்சில் மதுரையில் ஐம்பது வயசிலேயே போயிட்டார். ரேகைச் சட்டம் 1947ல் ஒழிஞ்சதை அவர் பாக்கலை.

எங்க திண்டுக்கல் 1985 வரைக்கும் மதுரை ஜில்லாதான். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்னைக்கும் மதுரை, தேனி மட்டுமில்ல, எங்க மாவட்டத்திலும் இருக்கு. ஆனா இந்தப் பக்கம் ஜார்ஜ் ஜோசப்னு கேட்டா, 'யாரு, புது டாக்டரா?'ன்னு கேப்பாங்க. தெரிஞ்சவங்களும் 'அவங்களுக்கு உதவினவர்'னு ஒரு சமூகத்தோட கணக்கில் எழுதிட்டு நகர்ந்துடறாங்க. யாரும் இல்லாதவங்களுக்காக நின்னவரை ஒரு சாதிக்குள்ள அடைக்கிறது அவருக்குச் செய்யற மரியாதை இல்லை.

அதனால அடுத்த தடவை ஒரு வக்கீல் ஓட்டு கேட்டு வாசலுக்கு வந்தா, எத்தனை கேஸ் ஜெயிச்சீங்கன்னு கேக்காதீங்க. உங்க சாதிக்காரரும் இல்லாத, ஃபீசும் கொடுக்க முடியாத யாருக்காவது எப்போவாவது எழுந்து நின்னிருக்கீங்களான்னு கேளுங்க. பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கறார்னு பாருங்க. அது போதும்.