வயலில் விட்ட யூரியா வீட்டுக்குள் வரலாமா?

ரசாயன உரத்தை விட்டொழித்த உழவர் வீடுகளில்கூட இன்று யூரியா இருக்கிறது. மூட்டையில் அல்ல, அலமாரியில், கட்டிலில், பிள்ளைகள் படிக்கிற மேசையில். கடையில் பளபளன்னு நிற்கிற பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். சாமான்கள் மரத்தூளையும் சிராயையும் பசை போட்டு அழுத்திச் செய்தவை. அந்தப் பசை பெரும்பாலும் யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசின். ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரைந்தால் அதுதான் ஃபார்மலின், பிணம் கெடாமல் வைக்க ஊற்றுவது.

புதுப் பலகையிலிருந்து இந்த வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சூடும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும். நம்ம ஊரில் இரண்டுக்கும் பஞ்சமா என்ன? கண் எரியும், தொண்டை கமறும், இளைப்பு உள்ளவர்களுக்கு இன்னும் தொல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. ஒரு மேசை வாங்கினாலே நோய் வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. நஞ்சில்லாத சோறு வேண்டும் என்று பாடுபடுகிற நாம், இரவெல்லாம் இழுக்கிற மூச்சையும் யோசிக்கணும் என்கிறேன்.

"மலிவா கிடைக்குதேங்க" என்பார்கள். மலிவுதான், தண்ணீர் படும் வரை. ஒரு மழை ஒழுகினால் பலகை உப்பிவிடும், திருகாணி பிடிக்காது, ஆசாரியாலும் சரிசெய்ய முடியாது. அடுப்பில் வைத்தாலும் நச்சுப் புகை. மரக் கட்டிலோ, கால் உடைந்தால் கால் மட்டும் மாற்றினால் போதும்.

நல்ல மரம் என்றதும் தேக்கை நினைத்து மலைக்க வேண்டாம். வேம்பும் பூவரசும் எளிதில் பூச்சி அரிக்காதவை. கஜா புயலில் சாய்ந்த பூவரசும் பலாவும் விறகு விலைக்குப் போனதைப் பார்த்து என் வயிறு எரிந்தது. அறுத்து நிழலில் உலர்த்தியிருந்தால் எத்தனை வீட்டுக்குக் கட்டிலும் பெஞ்சும் ஆகியிருக்கும்! மரம் நம்முடையது என்றால் அறுவைக் கூலியும் ஆசாரி கூலியும்தான் செலவு. அந்தக் கூலியும் ஊருக்குள்ளேயே நிற்கும்.

சொந்த மரம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் சட்டமும் கதவும் நன்றாக உலர்ந்த மரம், மேசையாக்கலாம். பழைய பெயின்ட்டை மட்டும் வீட்டுக்குள் வைத்துத் தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கயிற்றுக் கட்டில், மூங்கில் அலமாரி, கோரைப்பாய், இலவம்பஞ்சு மெத்தை, இவையெல்லாம் எளியவர் வாங்கக்கூடியவை. வெறும் இரும்புக் கட்டில்கூடத் தப்பில்லை.

மூங்கிலை வெட்டியதும் சில வாரம் ஓடையிலோ குளத்திலோ ஊறப் போடுவது நம் பெரியவர்கள் வழக்கம். உள்ளிருக்கிற மாவுச்சத்து கரைந்துபோவதால் வண்டு அதிகம் துளைக்காது. வார்னிஷுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டினால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.

பலகைச் சாமான் வாங்கியே ஆகணும் என்றால், குறைந்த கசிவைக் குறிக்கும் ஈ-0, ஈ-1 முத்திரையைக் கேளுங்கள். வாங்கியதும் சில வாரம் ஜன்னலைத் திறந்தே வையுங்கள். குழந்தை தூங்கும் அறையில் போடாதீர்கள்.

இந்த மழைக்கு வேலியோரம் பத்துப் பூவரசம் போத்து ஊன்றுங்கள். தழை ஆட்டுக்கு, நிழல் நமக்கு, மரம் பேரப்பிள்ளையின் கட்டிலுக்கு. இதைவிட மலிவான கடை எந்த ஊரிலும் இல்லை.