பூவைப் பார்த்துப் பேசும் விலை

மாம்பழ சீசன் பிறந்தால் நத்தம், சாணார்பட்டிப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து திண்டுக்கல் மண்டிகளுக்குச் சரக்கு வந்து குவிகிறது. பெட்டியைப் பிரிக்கும்போது பழம் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். கடையில் வைத்த நான்காம் நாள், வாங்கிப்போன அம்மா ஒருவர் பாதி அறுத்த பழத்துடன் திரும்பி வருவார். உள்ளே வெள்ளைப் புழு. காசைத் திருப்பிக் கொடுக்கிறோம். மண்டியில் போய்க் கேட்டால், "நான் தரும்போது நல்ல பழம் அண்ணாச்சி" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. சில்லறைக் கடைக்காரர் தலையில் கடைசியாக விழும் இந்த நஷ்டத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

இது பழ ஈயின் வேலை. முற்றிவரும் காயின் தோலுக்கடியில் ஈ முட்டையிட்டு விடுகிறது. ஊசி குத்தியது போன்ற அந்தப் புள்ளி பறிக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு மூன்று நாளில் முட்டை பொரித்து, புழு சதையைத் தின்று வளர்கிறது. பிறகு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வருகிறது. வெயில் ஏற ஏற இந்தச் சுற்று வேகமாகிறது. கோடை மழை பெய்தபின் வரும் பழத்திலும், கடைசியில் வரும் நீலத்திலும் தொல்லை கூடுவது இதனால்தான்.

இதை முன்கூட்டி அறிய வழியில்லையா? உண்டு. 1912 வாக்கில் பீகார் பூசாவில் பணியாற்றிய ஹவ்லெட் என்ற பூச்சியியல் அறிஞர், கொசுவை விரட்டக் கைக்குட்டையில் தெளித்திருந்த சிட்ரோனெல்லா எண்ணெயை ஆண் பழ ஈக்கள் மொய்ப்பதைக் கவனித்தார். அதைத் தொடர்ந்த ஆராய்ச்சியில் கிடைத்ததே மெத்தில் யூஜினால். நம் வீட்டுத் துளசியிலும் அது இருக்கிறது. அந்த மருந்தில் ஊறிய மரக்கட்டையை டப்பாவில் வைத்து மரத்தில் தொங்கவிட்டால் ஈக்கள் வந்து விழும். ஒரு பொறியில் ஒரு நாளைக்கு எத்தனை ஈ என்று எண்ணுவதே உலகம் முழுக்க உள்ள கணக்கு. விழுவது ஆண் ஈ மட்டுமே என்பதால் எண்ணிக்கை குறைந்தால் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது வாரா வாரம் தெரிந்துவிடும்.

அமெரிக்க ஆப்பிள் தோட்டக்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போயிருக்கிறார்கள். பொறியில் அந்துப்பூச்சி முதலில் தொடர்ந்து விழத் தொடங்கும் நாளைக் குறித்துக்கொண்டு, அன்றிலிருந்து 50 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் சேரும் வெப்பத்தைத் தினமும் கூட்டி வருகிறார்கள். கூட்டுத்தொகை 250 வந்தால் முட்டை பொரிக்கத் தொடங்கும் நேரம் என்று அறிந்து மருந்தடிக்கிறார்கள். நாமோ பூவைப் பார்த்தே தோப்பைக் குத்தகைக்குப் பேசி அட்வான்ஸ் கொடுக்கிறோம். தத்துப்பூச்சி பூவை உறிஞ்சினால் அதையாவது கண்ணால் பார்க்கலாம். பழ ஈயின் கணக்கு கடையில்தான் தெரிகிறது.

மண்டிக்கு வரும் தோப்புகளில் பொறி வைத்து, வாராந்திர எண்ணிக்கையை மண்டிப் பலகையில் எழுதிப் போட வேண்டும் என்பது நமது யோசனை. இதற்கு விவசாயிகள் தயங்குவார்கள். எண்ணிக்கை ஏறினால் வியாபாரி அதைக் காட்டியே விலையை அடிப்பான் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நம்மில் சிலர் நிச்சயம் அப்படிச் செய்வோம். ஆகவே எண்ணிக்கையைப் பார்க்க விரும்பும் வியாபாரி பொறிச் செலவில் பாதியை ஏற்க வேண்டும். எண்ணிக்கை ஏறும்போது பேசிய விலையைக் குறைக்காமல், காயைச் சற்று முன்னதாக முற்றிய பக்குவத்தில் பறிக்கவும், உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி ஆழக் குழியில் புதைக்கவும் ஆள்கூலியில் உதவ வேண்டும். புழு விழுந்த பெட்டிக்கு மண்டியும் கடைக்காரரும் எந்த விகிதத்தில் கழிவு ஏற்பது என்பதையும் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் ஏற்றுமதிக்காரர் கவலை என்று சிலர் நினைக்கலாம். 2014 மே மாதம் முதல் ஐரோப்பிய யூனியன் இந்திய மாம்பழத்தைத் தடை செய்தது. சரக்கில் பழ ஈ இருந்ததே காரணம். 48 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் பழத்தை வைத்துப் புழுவைக் கொல்வது போன்ற ஏற்பாடுகள் வந்தபின், 2015 தொடக்கத்தில் தடை நீங்கியது. அவர்களுக்கு வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. தள்ளுவண்டிக்காரருக்கும் மளிகைக்கடை வாசலில் இரண்டு பெட்டி இறக்குபவருக்கும் என்ன இருக்கிறது?

பொறி வைக்க மாசி, பங்குனி சரியான காலம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி நமக்குத் தூரமில்லை. அங்கிருந்து ஒருவரை அழைத்துப் பொறி கட்டும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். சங்கத்தின் அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.