யாருடைய தோலுக்குப் பாதுகாப்பு?

வெயில் களிம்பிலும் முகப்பூச்சிலும் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடு உடலுக்குக் கேடா என்று படித்தவர்கள் கவலைப்படுகிறார்கள். அக்கவலைக்கு விடை கிடைத்து நாளாயிற்று. நலமான தோலின் மேற்படலத்தைத் தாண்டி அது உள்ளே செல்வதில்லை. தூளாக மூச்சில் ஏறினால்தான் ஐயம். எலிகளின் நுரையீரலில் கண்ட கட்டிகளைக் கொண்டு பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2006இல் அதை ஐயத்துக்குரிய 2பி பிரிவில் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவிலிருந்து விலக்கியது. தோலில் பூசத் தடையில்லை.

வாங்குகிறவரின் தோலுக்காக இத்தனை ஆய்வு. நல்லதுதான். அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. இல்மனைட் என்னும் கறுப்பு மணலிலிருந்து வருகிறது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறதே, அதே மணல். அதன் பெரும்பங்கு பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகிறது, முகப்பூச்சுக்குச் சிறுபங்கே என்பார்கள். உண்மை. அச்சிறுபங்குக்கே இவ்வளவு விசாரணை என்றால், மணல் அள்ளப்படும் ஊருக்கு எவ்வளவு வேண்டும்?

இல்மனைட் தனியே கிடப்பதில்லை. தோரியம் கலந்த மோனசைட்டும் உடன் கிடக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கே கண்டறிந்தது அதைத்தான். அன்று வாயுவிளக்கின் வலைக்கு அது தேவைப்பட்டது. மோனசைட்டை எடுத்துவிட்டால் கரையில் கதிர்வீச்சு குறையும் என்கிறது அருமணல் ஆலை. அது பொய்யன்று. ஆனால் மணலோடு மணல்மேடும் போகிறதே? சங்கப் புலவர் எக்கர் என்றார்களே, அந்த மேடு. நெய்தல் திணையை வகுப்பில் நடத்தும் நமக்கு அது ஓர் அருஞ்சொல். 2004 ஆழிப்பேரலையில் உற்றாரைப் பறிகொடுத்த குளச்சல்காரருக்கு அப்படியன்று.

இப்போது கிள்ளியூர் வட்டத்தில், கீழ்மிடாலம் முதல் கொல்லங்கோடு வரை, 1,144 ஹெக்டேரில் அணுக்கனிமம் தோண்டத் திட்டம். 2024 அக்டோபர் 1ஆம் நாள் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்புக்குப் பின் ஒத்திவைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக்கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று ஆணையிட்டது. களிம்பு பூசுகிறவருக்காக வல்லுநர் குழுக்கள் கூடின. மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் நாட்டுக்குப் பாரமாகிவிட்டதாம்.

தமிழக முதல்வர் அந்த ஆணையைத் திரும்பப் பெறக் கோரிப் பிரதமருக்கு எழுதினார். கடிதம் போதாது. கூட்டம் நடக்க வேண்டும், அதுவும் கடற்கரை ஊரில். மக்கள் நலம் பற்றிய ஆய்வறிக்கை முழுவதும் தமிழில், முன்கூட்டியே, அவர்கள் கையில் இருக்க வேண்டும்.