பேரனுக்குத் தெரியாத எபிடெர்மிஸ், தாத்தாவுக்குத் தெரிஞ்ச சுண்ணாம்புக் குழி

இது ஒரு புலம்பல் பதிவு. முன்னாடியே சொல்லிடறேன் :-)

போன ஞாயித்துக்கிழமை அண்ணன் பையன் உயிரியல் உருப்போட்டுக்கிட்டிருந்தான். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப பிளஸ் ஒன்ல இங்கிலீஷ் மீடியம். "எபிடெர்மிஸ், டெர்மிஸ், ஹைப்போடெர்மிஸ்"னு மந்திரம் மாதிரி ஓடுது. "அர்த்தம் என்னடா?"ன்னேன். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சித்தப்பா, ஸ்பெல்லிங் தப்பில்லாம எழுதினா போதும்"னுட்டான்.

பக்கத்துல எங்கப்பா பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார். ஆம்பூர் தோல் ஷாப்புல முப்பது வருஷம் சுண்ணாம்புக் குழியோட மல்லுக்கட்டினவர். நான் பையன்கிட்ட, "கிரேக்க மொழியில டெர்மான்னா தோல், எபின்னா மேல, ஹைப்போன்னா கீழ. அவ்வளவுதான் மேட்டர்"னு சொன்னேன். அப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு ஆரம்பிச்சார்: "சுண்ணாம்புல ஊறினா முடியோட சேந்து மேல இருக்கறது கழண்டு வந்துடும். அடியில ஒட்டியிருக்கற சவ்வையும் சதையையும் கத்தி வெச்சு வழிச்சுடுவோம். நடுவுல நிக்குது பாரு, அதான் சரக்கு."

முடிஞ்சுது. மூணு வார்த்தையும் பையனுக்கு ஆயுசுக்கும் மறக்காது. விடாம அடுத்ததையும் எடுத்தேன். கொலாஜன். கிரேக்கத்துல கொல்லான்னா பசை, ஜென்னா உண்டாக்கறது. வழிச்செடுத்த சவ்வைக் காய்ச்சித்தான் வஜ்ஜிரம் பண்றாங்க. வஜ்ஜிரத்தைத் தர்றது எதுவோ அதுதான் கொலாஜன். எங்க ஊர்ல இருக்கற பசங்களுக்கு இதைவிட எப்படி விளக்கறது?

இப்ப என் கருத்துக்கு வர்றேன். நாம 'கஷ்டமான இங்கிலீஷ்'னு பயப்படறதுல பெரும்பகுதி இங்கிலீஷே இல்ல. லெதர், ஹைட், ஸ்கின் மாதிரி சின்ன வார்த்தைகள் ஜெர்மானியக் குடும்பத்துச் சொந்தச் சரக்கு. டாக்டர், வக்கீல், கெமிஸ்ட் பேசற நீள வார்த்தைகள் பெரும்பாலும் கிரேக்கமும் லத்தீனும். லண்டன் பையனும் அதைத் தனியாப் படிச்சாத்தான் தெரியும். அந்த இடத்துல அவனும் நம்ம பையனும் கிட்டத்தட்ட ஒரே பெஞ்ச். இதை யாரும் நம்ம பசங்ககிட்ட சொல்றதில்ல. "தமிழ் மீடியம், அதான் வரல"ன்னு மட்டும் சொல்லுவாங்க.

இது மார்க் விஷயம் மட்டும்னா நான் இவ்வளவு பொங்க மாட்டேன். எங்க ஊர்த் தண்ணியோட கதையே இந்த வார்த்தைகள்லதான் எழுதியிருக்கு.

குரோமியம்னு பேர் வந்ததே 'நிறம்'கற கிரேக்கச் சொல்லால. 1797ல பிரான்ஸ்ல வோக்லன் கண்டுபிடிச்சார். அதோட சேர்மங்கள் ஒவ்வொண்ணும் ஒரு கலர்ங்கறதால அந்தப் பேர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தின ஊருக்குப் பின்னாடி குரோம் வந்துச்சு. குரோம்ல ஊறின தோல் நீலமா வரும், அதான் வெட் ப்ளூ. டேனரியில போடற உப்பு டிரைவேலன்ட். ராணிப்பேட்டையில ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுட்டுப்போன கழிவுமேட்டால நிலத்தடித் தண்ணி மஞ்சளாச்சே, அது ஹெக்ஸாவேலன்ட். புற்றுநோய் வரவழைக்கற சாமான். டிரின்னா மூணு, ஹெக்ஸான்னா கிரேக்கத்துல ஆறு, வேலன்ட் வந்தது லத்தீன்ல 'வலிமை'யிலேர்ந்து. நம்ம பசங்க தமிழ்ல படிச்ச அதே இணைதிறன்! உலோகம் ஒண்ணுதான், முன்னாடி ஒட்டின எண்தான் வேற. அந்த ஒட்டு புரியாதவன் மூட்டையில ஒட்டின லேபிளைப் படிச்சும் படிக்காத மாதிரிதான்.

1996ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்குல சுப்ரீம் கோர்ட் பெரிய தீர்ப்பு கொடுத்துச்சு. மாசுபடுத்தினவனே செலவை ஏத்துக்கணும்ங்கற கொள்கைக்கு இந்திய அளவுல இன்னிக்கும் காட்டற தீர்ப்பு. அந்த வழக்கோட மூல வார்த்தை எஃப்ளுயன்ட். லத்தீன்ல 'வெளியே ஓடறது'. ஃப்ளுயன்ட்டா இங்கிலீஷ் பேசறதுக்கும் பாலாத்துல விட்ட எஃப்ளுயன்ட்டுக்கும் வேர் ஒண்ணுதான், தெரியுமோ? கிணறு கெட்டுப்போனவங்களுக்கு முதல்ல சேரவேண்டிய வார்த்தை அது.

"வேரைத் தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்சிடுமா?"ன்னு கேப்பீங்க. இல்ல. கால் வாரும். பெடல், பெடஸ்ட்ரியன்ல வர்ற 'பெட்' லத்தீன்ல கால். ஷூ ஊர்க்காரன் சந்தோஷப்பட்டுக்கிட்டு சி.எம்.சி.ல பீடியாட்ரிக்ஸ் போர்டைப் பாத்து கால் டாக்டர்னு உள்ள போனா, உள்ள குழந்தைங்க அழுதுக்கிட்டிருக்கும் :-) அது கிரேக்கத்துல 'குழந்தை'. மலேரியான்னா இத்தாலியன்ல கெட்ட காத்து, ஆனா பரப்பறது கொசு. பேர் வெச்சவன் என்ன நெனச்சான்னுதான் வேர் சொல்லும், உண்மையைச் சொல்லணும்னு இல்ல.

இன்னொரு கூட்டம் இருக்கு. எந்த வார்த்தையைக் கொடுத்தாலும் 'தமிழ்லேர்ந்து போனது'ன்னு பிரிச்சுக் காட்டும். ஜிஞ்சரோட வேர்ல நம்ம இஞ்சி இருக்கு, அதுக்கு அறிஞர்கள் ஆதாரம் தர்றாங்க. மத்ததுக்கும் அதே அளவு ஆதாரம் கொண்டாங்க, முதல் ஆளா கை தட்டறேன்.

எனக்கு வேண்டியது ஒண்ணுதான். ஒன்பதாம் வகுப்புல ஒரு அம்பது வேர்ச்சொல், தமிழ்ல அர்த்தத்தோட. வாரத்துல ஒரு பீரியட் போதும். பாடம் எடுக்கறவர் டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ போற பெத்தவங்களோட வேலையிலேர்ந்தே உதாரணம் கேட்டு வாங்கட்டும். பசங்களுக்கு வார்த்தை கிடைக்கும். அப்பன் கையில இருக்கறது அறிவுன்னும் தெரியும். ரெண்டாவதுதான் எனக்கு முக்கியம்.

அன்னிக்கு ராத்திரி பையன் எங்கப்பாகிட்ட, "தாத்தா, அந்தக் கத்தியை எப்படிப் பிடிப்பீங்க?"ன்னு கேட்டான். பதினாறு வருஷத்துல அவர் வேலையைப் பத்தி அவன் கேட்ட முதல் கேள்வி.

டிஸ்கி: உங்க ஊர்த் தொழில்ல இப்படி மாட்டற வார்த்தை இருந்தா பின்னூட்டத்துல போடுங்க. அம்பதைச் சேத்துடலாம்.