முகவர் கேட்கும்போது பிரதி தயாராக இருக்கட்டும்

இலக்கிய முகவர் ஒருவர் ‘உங்கள் நாவலை முழுதாக அனுப்புங்கள்’ என்று கேட்டால், அன்றைக்கோ மறுநாளோ பதில் போய்விட வேண்டும். பிரதியும் அந்த வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தமிழில் எழுதுவோருக்கு இது புதிய பேச்சாகத் தோன்றலாம். இங்கே எழுத்தாளர் நேரே பதிப்பாளரிடம் போய்த்தான் பழக்கம். அந்த நிலை மாறிவருகிறது. தமிழ்நாடு அரசு 2023 ஜனவரியில் தொடங்கிய பன்னாட்டுப் புத்தகத் திருவிழாவில் முதல் ஆண்டு மொழிபெயர்ப்பு உரிமைக்காக 365 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின; 2024இல் 752, 2025இல் 1,125. மொழிபெயர்ப்புக்கு அரசு மானியம் தருகிறது. முகவர்களுக்குப் பயிற்சியும் அளித்திருக்கிறது. 2025இல் அந்தத் திருவிழா நடந்த நந்தம்பாக்கம் வர்த்தக மையம் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்துக்காரர்களுக்குத் தொலைவே இல்லை. ஆனால், புரிந்துணர்வு ஒப்பந்தம் வெறும் இசைவுதான். பிரதியும் உரிமை விவரமும் உரியவர் கைக்குப் போனால்தான் அது புத்தகமாகும்.

மொழி ஒரு தடை என்ற வாதம் இனி செல்லாது. 2022இல் சர்வதேச புக்கர் பெற்ற கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலுக்கும், 2025இல் அதே விருதைப் பெற்ற பானு முஷ்டாக்கின் கன்னடச் சிறுகதைகளுக்கும் முகவர் ஒருவரே: டெல்லியைச் சேர்ந்த கனிஷ்கா குப்தா. இந்திய மொழி எழுத்துக்கு உலகில் இடம் பிடித்துத் தர முகவரால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒரு முகவர் பிரதியைக் கேட்கும்போது, இதை எந்தப் பதிப்பாசிரியருக்குக் காட்டலாம் என்ற கணக்கு பெரும்பாலும் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். நாள் தள்ளத் தள்ள, அந்த இடத்தில் வேறொரு பிரதி வந்து உட்கார்ந்துவிடும். 1996இல் அருந்ததி ராயின் முதல் நாவலைப் படித்த லண்டன் முகவர் டேவிட் காட்வின் விமானம் ஏறி டெல்லிக்கே வந்தார். முழு நாவலும் முடிந்து தயாராக இருந்ததால்தான் அந்த வேகத்துக்குப் பலன் கிடைத்தது. 1997இல் அது புக்கர் பரிசு பெற்றது.

தாமதத்துக்குச் சோம்பலைக் காரணம் சொல்வது நியாயமல்ல. வேலை முடிந்து மின்சார ரயிலில் இரவு தாம்பரம் வந்து இறங்குகிறவருக்கு எழுதக் கிடைப்பதே ஒரு மணி நேரம். கேட்டபிறகுதான் தேட ஆரம்பிக்கிறோம் என்பதுதான் சிக்கல். பழைய நூல்கள் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் கோக்கப்பட்டவை. பலரிடம் அச்சுப் புத்தகம் இருக்கும், திருத்தக்கூடிய கோப்பு இருக்காது. இரண்டு பக்கக் கதைச் சுருக்கம் ஆங்கிலத்தில் இருக்காது. மாதிரி மொழிபெயர்ப்பும் இருக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், ‘மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது?’ என்ற கேள்வி. அங்கேதான் பலர் திகைத்து நின்றுவிடுகிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. எழுத்தில், ஆசிரியரின் கையொப்பத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலவரை குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கே. எல்லை குறிப்பிடாவிட்டால் அது இந்தியாவுக்குள் மட்டுமே. வாய்ப்பேச்சிலேயே நூல் வெளியிட்ட எழுத்தாளர்கள், தங்கள் மொழிபெயர்ப்பு உரிமை தங்களிடமே இருப்பதை அறியாமலிருக்கிறார்கள். ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் படித்து வைத்தால், நாளை அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதலாம்.

முகவர்கள் மாதக்கணக்கில் காக்கவைக்கும்போது நாம் மட்டும் ஏன் அவசரப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. முகவருடைய தாமதம், அவர் மேஜையில் குவிந்த பிரதிகளின் தாமதம். பிரதியை அனுப்பச் சொன்னபோதே நீங்கள் அந்த வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள். மௌனம் காத்தால் திரும்பவும் கடைசியில் போய் நிற்க நேரும். எழுத்தைச் செப்பனிட அவகாசம் வேண்டாமா என்பது மதிக்கத்தக்க கேள்வி. அந்த வேலையை முகவருக்கு முதல் கடிதம் எழுதுமுன் முடித்திருக்க வேண்டும். அவராகவே தேடி வந்து கேட்டு, பிரதி முடியாமல் இருந்தால், உண்மையைச் சொல்லி, காப்பாற்றக்கூடிய ஒரு தேதியைக் குறிப்பிட்டு அன்றே எழுதலாம். முகவர் என்ற பெயரில் ஏமாற்றுபவர்கள் பற்றிய அச்சமும் நியாயமானது. ஆனால், உடனே பதில் எழுதுவது வேறு, உடனே கையெழுத்துப் போடுவது வேறு. நல்ல முகவர் படிப்பதற்குக் கட்டணம் கேட்பதில்லை. எழுத்தாளருக்கு வரும் வருமானத்தில், வழக்கமாக 15 முதல் 20 சதவீதம் வரை, தரகு எடுத்துக்கொள்வார். முன்பணம் கேட்பவரிடமிருந்து விலகிவிடலாம். ஒப்பந்தம் வந்தால் வழக்கறிஞரிடம் காட்ட எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நிதானம் தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

இதைத் தனி எழுத்தாளரின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடவும் கூடாது. தாம்பரத்தில் 1937 முதல் இயங்கிவரும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழ்த் துறையும் ஆங்கிலத் துறையும் இருக்கின்றன. மாதிரி மொழிபெயர்ப்பு செய்வதை மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாகவே வைக்கலாம். கிளை நூலகங்கள் பதிப்புரிமை பற்றி ஒரு மாலைக் கூட்டம் நடத்தலாம். எழுத்துருவை மாற்றித்தர கணினி தெரிந்த இளைஞர்களுக்குத் தாம்பரம் பகுதியில் பஞ்சமில்லை. பல ஆண்டு உழைப்பில் உருவான நாவல், ஒரு கோப்பும் இரண்டு பக்கச் சுருக்கமும் இல்லாத காரணத்தால் வாசகரை இழப்பது அநியாயம். அதைத் தடுக்கும் வேலையை முகவரின் மின்னஞ்சல் வருமுன்பே, இந்த வாரமே தொடங்கிவிடலாம்.